மைனஸ் பவர் அதிகமுள்ளவருக்குக் கண்புரை: புது லென்ஸை எந்தத் தூரத்துக்கு வைப்பது?

பள்ளிப் பருவத்திலிருந்தே மைனஸ் எட்டு, மைனஸ் பத்து என்று தடித்த கண்ணாடி போட்டவர்கள் கண்புரை அறுவை சிகிச்சை என்றதும் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ இனிமே கண்ணாடியே வேணாமா?" என்பதுதான். சிங்கப்பூரில் இந்தக் கேள்வி வருங்காலத்தில் இன்னும் அதிகம் எழும். இங்கே இளையர்களில் ஐந்தில் நால்வருக்குக் கிட்டப்பார்வை இருக்கிறது. பவர் மைனஸ் ஆறைத் தாண்டியவர்களுக்குப் புரை மற்றவர்களைவிட முன்னதாக, சிலருக்கு நாற்பதுகளிலேயே வந்துவிடுகிறது.

அறுவையில் புரையேறிய இயற்கை லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பார்கள். அது எந்த நிறுவனத்து லென்ஸ், சாதா லென்ஸா மல்டிஃபோகலா என்று பலரும் விலைப்பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். நீளமான கண் உள்ளவர் (அதிக மைனஸுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த நீளம்தான்) அதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்ய வேண்டும். கண்ணாடி இல்லாமல் எந்தத் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும்? தூரத்துக்கு லென்ஸ் வைத்துக்கொண்டால், இத்தனை ஆண்டுகள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்த வசதி போய்விடும். இதை அறுவைக்குப் பிறகு உணர்கிறவர்கள் அதிகம். முன்பே உணர்ந்து முடிவெடுக்க உதவுவதே இந்த ஒப்பீட்டின் நோக்கம்.

## முதலில் எடைபோட வேண்டியவை

கண்ணின் நீளம். சராசரிக் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டர். 26 மில்லிமீட்டரைத் தாண்டினால் நீள்கண். சராசரிக் கண்ணுக்கு 20 அல்லது 21 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) லென்ஸ் வைக்கிறார்கள். 30 மில்லிமீட்டர் கண்ணுக்கு ஒற்றை இலக்கத்தில்தான் வரும். இன்னும் நீளமென்றால் பூஜ்ஜியமோ, மைனஸ் பவர் லென்ஸோ தேவைப்படலாம். பவர் பூஜ்ஜியம் என்றாலும் லென்ஸ் வைக்காமல் விடுவது நல்லதல்ல, பழைய லென்ஸைப் பொதிந்திருந்த பையின் பின்புற உறையைத் தாங்க அது வேண்டும்.

இந்த நீளத்தால் கணக்கு பிசகும். லென்ஸ் பவரைக் கணக்கிடும் எஸ்ஆர்கே/டி போன்ற பழைய சூத்திரங்களைத் திருத்தமின்றிப் பயன்படுத்தினால் நீள்கண்ணில் முடிவு பிளஸ் பக்கம் சாய்ந்துவிடும். பூஜ்ஜியம் என்று திட்டமிட்டவர் பிளஸ் ஒன்றில் வந்து நிற்பார். பிளஸ் ஒன்று என்றால் தூரமும் சுத்தமாக இல்லை, கிட்டம் சுத்தமாகவே இல்லை. வாழ்நாள் முழுதும் மைனஸில் இருந்தவருக்கு இதைவிட எரிச்சலான விளைவு வேறில்லை. பேரட் யூனிவர்சல் 2, கேன் போன்ற புதிய சூத்திரங்களும் பழைய சூத்திரங்களுக்கான வாங்–கோக் திருத்தமும் இந்தச் சாய்வை வெகுவாகக் குறைத்திருக்கின்றன. அளவெடுப்பதும் ஒளிக்கருவியால் நடக்க வேண்டும். கண்ணின் பின்சுவர் பிதுங்கியிருந்தால் அல்ட்ராசவுண்ட் அந்தப் பிதுக்கத்தின் அடி வரை அளந்து, நீளத்தைக் கூட்டிக் காட்டக்கூடும்.

மாக்குலாவின் நிலை. புரை எவ்வளவு அருமையாக எடுக்கப்பட்டாலும் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்திருந்தால் பார்வை அந்த அளவோடு நின்றுவிடும். அறுவைக்கு முன் விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். விழித்திரைப் பிளவு, புதிய ரத்தக்குழாய் வளர்ச்சி போன்றவை புரையின் மறைவில் ஒளிந்திருக்கும். ரத்தக்குழாய் கசிந்தால் முதலில் ஊசி மருந்து, பிறகுதான் புரை.

உங்கள் நாள் எந்தத் தூரத்தில் நடக்கிறது. கைப்பேசியும் நாளிதழும் 35–40 சென்டிமீட்டர். கணினி 60–80. தொலைக்காட்சி மூன்று மீட்டர். பஸ் எண், சாலைப் பலகை எல்லாம் தூரம். ஒரு வாரம் எதை எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். "எல்லாமே வேணும்" என்று சொன்னால் பெரும்பாலும் தூரத்துக்குத்தான் குறிப்பார்கள்.

மற்றக் கண்ணும் பழைய சிகிச்சைகளும். இளவயதில் லேசிக் செய்தவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். கருவிழியின் வளைவு மாறியிருப்பதால் வழக்கமான சூத்திரம் பொருந்தாது, பேரட் ட்ரூ-கே போன்றவை தேவை. லேசிக் கண்ணாடியை நீக்கியதே தவிரக் கண்ணைக் குட்டையாக்கவில்லை. விழித்திரை ஆபத்து அப்படியேதான் இருக்கிறது.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அளவெடுக்கும் முன் மென்லென்ஸை ஓரிரு வாரமும், கடின லென்ஸை மூன்று நான்கு வாரமும் கழற்றி வைக்க வேண்டும். மைனஸ் பத்துக்காரருக்கு இது கடினம்தான். அதற்காகச் சுருக்கினால் லென்ஸ் பவர் தவறும்.

## வழி 1: கண்ணாடியை மாற்றிக்கொண்டு காத்திருப்பது

லென்ஸின் மையத்தில் வரும் நடுப்புரை வளரும்போது மைனஸ் கூடும். மைனஸ் எட்டு ஓரிரு ஆண்டில் பதினொன்று ஆகலாம். புதுக் கண்ணாடியில் 6/9 வரை (சராசரிக் கண் ஒன்பது மீட்டரில் படிக்கும் வரியை ஆறு மீட்டரில்) படிக்க முடிகிறது, இரவில் எதிர்வரும் விளக்குகள் கூசவில்லை என்றால் அவசரப்படக் காரணமில்லை.

ஐம்பது வயதுக்கு உட்பட்ட ஆண், நீள்கண், விழியின் உள்ளே இருக்கும் ஜெல் இன்னும் விழித்திரையிலிருந்து பிரியவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தவருக்கு அறுவைக்குப் பின் விழித்திரை விலகும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு. புரை லேசாக இருக்கும்போதே, கண்ணாடியை ஒழிப்பதற்காக மட்டும் லென்ஸை மாற்றிக்கொள்ள இவர்கள் நினைத்தால் நாங்கள் வேண்டாம் என்றே சொல்வோம்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. மெல்லிய கண்ணாடியை ஓராண்டில் இருமுறை மாற்ற நேரும். புரை கெட்டிப்பட்டால் உடைத்தெடுக்க அதிக அல்ட்ராசவுண்ட் தேவைப்படும், நீள்கண்ணில் லென்ஸைத் தாங்கும் நார்கள் வலுக்குறைந்திருந்தால் அது சிக்கல். விழித்திரையை மருத்துவர் பார்க்கவே முடியாத அளவு புரை மூடிவிட்டால் காத்திருப்பதில் பொருளில்லை.

## வழி 2: இரு கண்ணும் தூரத்துக்கு

காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தேடாமல் சுவர்க்கடிகாரம் தெரிவது சிறிய விஷயமல்ல. வாகனம் ஓட்டுபவர்கள், கட்டுமானத் தளத்தில் மேற்பார்வை செய்பவர்கள், விளையாட்டில் ஈடுபடுபவர்கள், ஏற்கெனவே கான்டாக்ட் லென்ஸ் போட்டு அதன்மேல் வாசிப்புக் கண்ணாடி வைத்துப் பழகியவர்கள் ஆகியோருக்கு இதுவே பொருத்தம். அந்தக் கடைசிக் கூட்டத்தாருக்கு வாழ்க்கை கிட்டத்தட்ட மாறவே மாறாது.

மற்றவர்களுக்கு மாறும். மைனஸ் பத்து உள்ள கண், கண்ணாடி இல்லாமல் 10 சென்டிமீட்டரில் கூர்மையாகப் பார்க்கும். அந்தத் தூரத்தில் எழுத்து, 40 சென்டிமீட்டரில் தெரிவதைவிட நான்கு மடங்கு பெரிதாகத் தெரியும். ஊசியில் நூல் கோத்தது, மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படித்தது, விரலில் ஏறிய முள்ளை எடுத்தது எல்லாம் இந்தச் சக்தியால்தான். தூரத்துக்கு லென்ஸ் வைத்தபின் இவை எல்லாவற்றுக்கும் பிளஸ் இரண்டரைக் கண்ணாடி வேண்டும். தையல்காரர், சிராங்கூன் சாலையில் நகை பழுதுபார்ப்பவர், கைக்கடிகாரம் திருத்துபவர் போன்றோர் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

மேலே சொன்ன பிளஸ் பிசகும் இங்கேதான் வலிக்கும். அதனால் நீள்கண்ணில் கைதேர்ந்த மருத்துவர்கள் சரியாகப் பூஜ்ஜியத்தைக் குறிக்காமல் மைனஸ் அரையை ஒட்டிக் குறிப்பதுண்டு. உங்களுக்கு எந்த எண்ணைக் குறிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

## வழி 3: இரு கண்ணும் கிட்டத்துக்கு

இலக்கு மைனஸ் இரண்டிலிருந்து மூன்று. மைனஸ் இரண்டரை என்றால் 40 சென்டிமீட்டரில் தெளிவு, நாளிதழும் கைப்பேசியும் கண்ணாடி இல்லாமல். வெளியே போகும்போது மெல்லிய மைனஸ் கண்ணாடி. பழைய கண்ணாடியில் பொருள்கள் சிறுத்துத் தெரிந்தனவே, அது இல்லை. இரவில் கழிவறைக்கு எழுந்தால் தரையும் கதவும் போதுமான அளவு தெரியும்.

அதிக மைனஸ் உள்ளவர்களில் படிப்பதும் எழுதுவதும் சமைப்பதுமாகப் பொழுது போகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் எண்ணிப் பார்க்கச் சொல்வோம். முதல் காரணம் பழக்கம். கண்ணாடி போட்டு வெளியே போவதும் கழற்றிவிட்டுப் படிப்பதும் இவர்களுக்கு ஐம்பது ஆண்டுப் பழக்கம். இரண்டாவது காரணம் கணக்கு. இலக்கு மைனஸ் இரண்டரையாக இருந்து ஒரு டயாப்டர் பிளஸ் பக்கம் பிசகினால் மைனஸ் ஒன்றரையில் நிற்பீர்கள், கணினி தெரியும், கைப்பேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் போதும். அதே பிசகு பூஜ்ஜிய இலக்கில் நேர்ந்தால் எந்தத் தூரத்துக்கும் கண்ணாடிதான்.

மாக்குலா தேய்ந்தவர்களுக்கு இந்த வழி இன்னும் பொருத்தம். தூரத்தில் 6/24 தாண்டாத கண்ணுக்குத் தூர இலக்கு வைப்பதால் பெரிய லாபமில்லை. பொருளைக் கண்ணருகே கொண்டுவந்து பார்க்கும் வசதியை விட்டுவைப்பது நல்லது.

குறை என்ன? தூரத்துக்குக் கண்ணாடி நிச்சயம். கோயிலில் வரிசையின் பின்னால் நின்று மூலவரைப் பார்ப்பதற்கும் கண்ணாடி வேண்டும். முன்பிருந்த 10 சென்டிமீட்டர் நுண்பார்வையும் முழுதாகத் திரும்பாது, மிக நுணுக்கமான வேலைக்கு உருப்பெருக்கி தேவைப்படும். நாள் முழுதும் கணினி முன் இருப்பவர் மைனஸ் ஒன்றேகாலை ஒட்டி இலக்கு வைத்துக்கொள்ளலாம், அது 80 சென்டிமீட்டர்.

## வழி 4: ஒரு கண் தூரம், ஒரு கண் கிட்டம்

ஆதிக்கக் கண்ணை, அதாவது மூளை அதிகம் நம்பும் கண்ணை, தூரத்துக்கும், மற்றதை மைனஸ் ஒன்றேகால் அல்லது ஒன்றரைக்கும் வைப்பது. சாதா லென்ஸிலேயே செய்யலாம், கூடுதல் கட்டணம் இல்லை. புரை முற்றாதபோது கான்டாக்ட் லென்ஸால் இரண்டு வாரம் ஒத்திகை பார்க்கலாம். சிலருக்கு மூன்றாம் நாளே பழகிவிடும், சிலருக்குத் தலைசுற்றல் விடாது. பின்னவர்கள் இதைக் கைவிடுவதே நல்லது.

ஒரு கண்ணில் மாக்குலா கெட்டிருந்தால், சிறுவயதிலிருந்தே ஒரு கண் சோம்பலாக இருந்தால், மாறுகண் இருந்தால் இந்த வழி சரிவராது. மெலிந்த கண்ணுக்கு ஒரு தூரத்தின் முழுப் பொறுப்பையும் கொடுத்தால் அது தாங்காது. படிக்கட்டு இறங்கும்போது ஆழம் சற்றுத் தடுமாறும் என்பதையும் வயதானவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

## வழி 5: மல்டிஃபோகல்

விளம்பரத்தில் அதிகம் தெரிவது இது. உள்ளே வரும் ஒளியைத் தூரம், இடை, கிட்டம் என்று பிரித்துக் கொடுக்கும் லென்ஸ். ஒளி பிரிவதால் மங்கல் வெளிச்சத்தில் வெளிர்–கருமை வேறுபாடு மழுங்கும், விரைவுச்சாலையில் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். மாக்குலா முழு ஆரோக்கியத்தோடு இருந்தால் மட்டுமே இதைத் தாங்கும். நீள்கண்ணின் மாக்குலா இன்று நன்றாக இருந்தாலும் பத்தாண்டு கழித்தும் அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி தர இயலாது.

பவர் அரை டயாப்டருக்குள் அமைய வேண்டும், நீள்கண்ணில் அதுதான் கடினம். பல மாடல்கள் மிகக் குறைந்த பவரில் செய்யப்படுவதும் இல்லை. கண் 25–26 மில்லிமீட்டர், ஓசிடி சுத்தம், இரவு ஓட்டம் இல்லை, கண்ணாடி வேண்டவே வேண்டாம் என்ற உறுதி இருக்கிறது என்றால் பரிசீலிக்கலாம். 28-க்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நீட்டிய குவியம் கொண்ட இடைநிலை லென்ஸ்களில் வளையங்கள் குறைவு, பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படும்.

சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு டோரிக் லென்ஸ், மேற்கண்ட எந்த வழியோடும் சேரும். அது உள்ளே ஒரு பாகை சுழன்றால் திருத்தத்தில் 3 விழுக்காட்டுக்கு மேல் போகும், 30 பாகை சுழன்றால் பயனே இல்லை. நீள்கண்ணில் உறை பெரிது, லென்ஸ் சுழல இடம் அதிகம். முதல் வாரத்தில் சுழற்சியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

| | தூர இலக்கு | கிட்ட இலக்கு | ஒன்று தூரம், ஒன்று கிட்டம் | மல்டிஃபோகல் |
|---|---|---|---|---|
| சாலை, தொலைக்காட்சி | கண்ணாடி பெரும்பாலும் வேண்டாம் | கண்ணாடி வேண்டும் | பெரும்பாலும் வேண்டாம் | பெரும்பாலும் வேண்டாம் |
| கைப்பேசி, நாளிதழ் | வேண்டும் | வேண்டாம் | பொடி எழுத்துக்கு வேண்டும் | பெரும்பாலும் வேண்டாம் |
| பவர் பிளஸ் பக்கம் பிசகினால் | தொல்லை | சமாளிக்கலாம் | பாதித் தொல்லை | பெருந்தொல்லை |
| மாக்குலா தேய்ந்திருந்தால் | நடுத்தரம் | சிறந்தது | ஒரு கண் மட்டுமென்றால் தவிர்க்கவும் | தவிர்க்கவும் |
| இரவு ஓட்டம் | நல்லது | கண்ணாடியோடு நல்லது | இரவுக்குத் தனிக் கண்ணாடி நல்லது | வளையங்கள் |
| லென்ஸுக்குக் கூடுதல் பணம் | இல்லை | இல்லை | இல்லை | உண்டு |

## இரண்டு அறுவைக்கும் இடைப்பட்ட வாரங்கள்

ஒரு கண் பூஜ்ஜியம், மறு கண் மைனஸ் பத்து. இந்த நிலையில் எந்தக் கண்ணாடியும் இரண்டையும் சேர்க்காது. மூன்று டயாப்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் இரண்டு கண்ணிலும் உருவ அளவு வேறாகி, பலருக்கு இரட்டையாகத் தெரியும், தலைவலிக்கும். செய்யாத கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் போடுவது ஒரு தீர்வு, இரண்டாவது அறுவையைச் சில வாரங்களுக்குள் வைத்துக்கொள்வது இன்னொன்று. முதல் தேதி குறிக்கும்போதே இரண்டாவதையும் பேசி வைத்தால் மாதக்கணக்கில் தடுமாற வேண்டியதில்லை. முதல் கண்ணின் முடிவு சற்றுப் பிசகியிருந்தால் இரண்டாவதன் கணக்கைத் திருத்தவும் அது உதவும். ஆகவே இரண்டையும் மிக நெருக்கியும் வைக்காதீர்கள்.

## மேசையில் என்ன நடக்கலாம்

சாதாரணமாக அறுவை கால் மணி, அரை மணி நேர வேலை. நீள்கண்ணில் நீர் உள்ளே பாய்ந்ததும் கருவிழிக்குப் பின்னுள்ள முன்னறை திடீரென்று ஆழமாகி, கண்மணி விரிந்து, வலியும் எடுக்கலாம். கருவிழித்திரையை (ஐரிஸை) உறையிலிருந்து லேசாகத் தூக்கி நீரை மறுபுறம் ஓடவிட்டு, நீரழுத்தத்தைக் குறைத்தால் அது அடங்கும். இதை அறிந்த மருத்துவர் பதறமாட்டார்.

மரத்துப்போகச் செய்யும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணைச் சுற்றிக் கூர் ஊசி போட்டால் நீண்டு பிதுங்கிய கண்ணில் குத்திவிடும் அபாயம் உண்டு. சொட்டு மருந்தோ, முனை மழுங்கிய குழல்வழி மருந்தோ நீள்கண்ணுக்கு ஏற்றது.

பின்புற உறை கிழிவதுதான் பெரிய அஞ்சத்தக்க விஷயம். கிழிந்தால் பிற்பாடு விழித்திரை விலகும் ஆபத்து பத்து மடங்குக்கு மேல் கூடும். சிலிகான் லென்ஸைத் தவிர்ப்பதும் இதே முன்யோசனையால்தான். பின்னாளில் விழித்திரை அறுவைக்குச் சிலிகான் எண்ணெய் தேவைப்பட்டால் அது அந்த லென்ஸில் ஒட்டிக்கொள்ளும். இன்று பெரும்பாலும் அக்ரிலிக்தான் வைக்கிறார்கள், உறுதிப்படுத்திக்கொண்டால் போதும்.

## பணமும் வரிசையும்

மானியக் கட்டணத்தில் செய்ய வேண்டுமானால் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு சிங்கப்பூர் தேசிய கண் நிலையத்துக்கோ, டான் டோக் செங், தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, கூ டெக் புவாட் போன்ற பொது மருத்துவமனைகளின் கண் பிரிவுக்கோ போக வேண்டும். தனியார் நோயாளியாகத் தொடங்கிவிட்டு நடுவில் மானியத்துக்கு மாறுவது எளிதல்ல. மானியத்தில் மருத்துவரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. நீள்கண் என்பதையும், விழித்திரையில் முன்பு லேசர் செய்திருந்தால் அதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். சிக்கலான கண்ணை மூத்த மருத்துவர் பார்க்க அது வழிசெய்யும்.

மருத்துவச் சேமிப்பான மெடிசேவ், அடிப்படைக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் இரண்டும் கைகொடுக்கும். மல்டிஃபோகல் போன்ற சிறப்பு லென்ஸின் கூடுதல் விலை பெரும்பாலும் கைப்பணம்தான். ஒருங்கிணைந்த காப்புறுதி வைத்திருப்பவர்கள் லென்ஸ் விலை சேருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுதாத செலவுகள் வேறு. இடைக்காலக் கண்ணாடி, இறுதிக் கண்ணாடி, சுமார் நான்கு வாரச் சொட்டு மருந்து, கூட்டிச்செல்பவரின் விடுப்பு, ஓரிரு ஆண்டில் உறை மங்கினால் லேசர். மல்டிஃபோகலில் பவர் பிசகினால் அதைத் திருத்த மேலும் ஒரு லேசிக்.

## பிறகு கவனிக்க வேண்டியவை

ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் கண் அழுத்தம் ஏறுவது அதிக மைனஸ் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. நீள்கண்ணில் பார்வை நரம்பு சாய்ந்திருப்பதால் அழுத்தச் சேதத்தைப் பார்த்ததும் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே இரண்டாவது, நான்காவது வாரங்களில் அழுத்தம் அளக்கும் சந்திப்பைத் தவறவிடாதீர்கள், பார்வை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி. வீட்டில் மீந்த ஸ்டீராய்டுச் சொட்டை அடுத்த முறை கண் சிவந்தபோது நீங்களாகப் போட்டுக்கொள்வது கூடவே கூடாது.

விழித்திரை விலகும் ஆபத்து அறுவை முடிந்த மாதங்களோடு ஓய்வதில்லை, ஆண்டுகள் கடந்தும் இருக்கும். கறுப்புப் புள்ளிகள் திடீரென்று மழையாகக் கொட்டினால், ஓரத்தில் மின்னல் வெட்டினால், ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோல் நிழல் விழுந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம், அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நிழல் நடுப்பார்வையைத் தொடுவதற்குள் விழித்திரையை ஒட்டவைத்தால் பெரும்பாலான பார்வையைக் காப்பாற்றலாம். தொட்டபின் ஒட்டவைத்தால் பழைய கூர்மை பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. எந்த லென்ஸைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் ஆண்டுக்கொரு முறை கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள், அன்று வாகனம் ஓட்டாமல் ரயிலிலோ பஸ்ஸிலோ போய்வாருங்கள்.